கருமண் கண்ட டொக்குச்சாயெவ்

கரிசற்காட்டில் பிறந்தவன் நான். பாறை பொடிந்தால் மண். அதற்குமேல் அதில் ஆராய ஒன்றுமில்லை என்றே எண்ணியிருந்தேன். இங்கே மண்ணியல் வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான், என்னைப்போலவே எண்ணியிருந்த உலகத்தைத் திருத்திய ஒருவரை அறிந்தேன். அவர் வசீலி டொக்குச்சாயெவ்.

1846-இல் ருஷ்யாவின் ஸ்மொலென்ஸ்க் மாகாணத்தில் கிராமப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சமயக் கல்விக்கென்று பீட்டர்ஸ்பர்க் போனவர், விரைவிலேயே அதை விட்டுப் பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம் படிக்கச் சேர்ந்துவிட்டார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

1873, 1875 ஆண்டுகளில் மழை பொய்த்து, ருஷ்யாவின் தானியக் களஞ்சியமான கருமண் வெளி வறண்டது. அம்மண்ணை ஆராயும் பொறுப்பு இவரிடம் வந்தது. 1877, 1878 கோடைகளில் சுமார் 10,000 கிலோமீட்டர் சுற்றினார். குழிகள் வெட்டி அடுக்கு அடுக்காகப் பார்த்தார்.

வெயிலிலும் குளிரிலும் பாறை வெடிக்கும். கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் அதன் தாதுக்களை மெல்லக் களியாக்கும். இது முன்பே தெரிந்ததுதான். ஆனால் வெவ்வேறு அடிப்பாறைகளின் மேல் ஒரே கருமண் கிடப்பதை அவர் கண்டார். அப்படியானால் பாறை மட்டும் காரணமாகுமா? பாறையோடு தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் எல்லாம் கூடிப் பெற்ற பிள்ளையே மண் என்று நிறுவினார். அங்கே கறுப்பைத் தந்தவை ஆயிரமாயிரம் ஆண்டுகள் மட்கிய புல்வேர்கள். 1883-இல் வெளிவந்த அவருடைய நூலோடு மண்ணியல் தனிச் சாஸ்திரமாயிற்று.

எங்கள் கரிசலை நினைத்துப் பார்த்தேன். தக்காணத்தில் அது எரிமலைப் பாறையின் மேல் கிடக்கிறது. எங்கள் பக்கம் நைஸ் பாறையின் மேல். தாய் வேறு, பிள்ளையின் சாயல் ஒன்று! ஆனால் எங்கள் மண்ணின் கறுப்பைக் கண்டு மட்கு மிகுதி என்று ஏமாந்துவிடக் கூடாது, அது சொற்பமே.

1891-இல் மீண்டும் வறட்சி, பெரும் பஞ்சம். புல்வெளியை உழுது தள்ளி, காட்டை அழித்து, நீரை ஓடவிட்டதும் ஒரு காரணம் என்று கண்டு, மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். அதன் வருமானம் பஞ்சத்தில் வாடியவர்களுக்குப் போயிற்று. வரோனெஷ் பகுதியில் காற்றைத் தடுக்கும் மர வரிசைகளும் குளங்களும் அமைக்கச் செய்தார். அந்த மரங்களில் பல இன்றும் நிற்கின்றன. அவர்தாம் நெடுநாள் நிற்கவில்லை. 1897-இல் மனைவி இறந்தார். நோய் அவரையும் முடக்கியது. 1903-இல், 57 வயதில், மறைந்தார்.

விடுமுறைக்கு ஊர் போனதும் எங்கள் புஞ்சையில் ஆளுயரக் குழி ஒன்று வெட்டிப் பார்க்கப்போகிறேன். ஐயா என்ன சொல்வாரோ!