இருமுறை சிறைபுகுந்த சேதுபதி

சென்ற விடுமுறையில் நாம் திருப்புல்லாணிக்குச் சென்றிருந்தோம். இலங்கைக்கு வழிவேண்டி இராமபிரான் புல்லைப் பரப்பிக் கிடந்த இடம் அதுவென்பர். அக்கோயிலைக் கண்டு, தெற்கே சேதுக்கரைக்கு நடந்து, கடலை நோக்கி நின்றபொழுது, இக்கரையின் காவலராய்ச் சேதுபதி எனப் பெயர்பூண்ட மன்னருள் ஒருவர் நம் நினைவில் எழுந்தார். பிறர் செல்லும் வழியைக் காக்கும் குடியிற் பிறந்தும், தம் அறையின் வாயிலைத் தாம் விரும்பியபோது கடக்க இயலாமல் வாழ்நாளில் ஏறத்தாழப் பாதியைக் கழித்தவர் அவர்.

முத்துராமலிங்க விசய ரகுநாத சேதுபதி 1760-இல் பிறந்தார். பால்மணம் மாறாப் பருவத்திலேயே அரசுரிமை வந்தெய்தியமையால், தாயார் முத்துத்திருவாயி நாச்சியாரே ஆட்சியை நடத்திவந்தார். 1772-இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலியின் படையும் கும்பினியார் படையும் கூடி இராமநாதபுரக் கோட்டையைக் கைப்பற்றின. பன்னிரண்டு வயதுச் சிறுவர் தாயாருடன் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிற் சிறைவைக்கப்பட்டார். அவ்விருப்பு ஏறத்தாழ 9 ஆண்டு நீண்டது.

விடுதி மணி அடித்தாலே முகஞ்சுளிக்கும் நாம் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் தகும். எப்போது எழுவது, எதனை உண்பது, எவரோடு பேசுவது என்று சிறுசிறு செயல்களைத் தானே துணிந்து துணிந்தன்றோ ஒருவன் ஆண்மகன் ஆகின்றான்? அத்துணிவு முளைக்கும் பருவம் முழுவதும் இவர்க்குக் காவலர் கையில் இருந்தது. கிரஷாம் சைக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் நியூசெர்சி மாநிலச் சிறையொன்றை ஆராய்ந்து, 1958-இல் வெளியிட்ட நூலிற் சிறைத்துயரை ஐந்தாகப் பகுத்தார். தன் செயலைத் தானே துணியும் உரிமை பறிபோதலை அவற்றுள் ஒன்றாக வைத்தார். வளர்ந்தவனையும் அது குழந்தைபோற் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கச் செய்யும் என்பது அவர் கருத்து. அங்ஙனமாயின், குழந்தையாகவே உட்சென்றவரை அஃது என்செய்யும்? ஏவியதைச் செய்து கிடத்தலே இயல்பாகிவிடும் என்றே எவரும் கருதுவர்.

சேதுபதியின் வரலாறோ வேறு வழியிற் சென்றது. ஹைதர் அலியோடு போர் நிகழ்ந்த காலத்தில், மறவர் நாட்டை அடக்கியாள இயலாத நவாபு அவரை விடுவித்து மீண்டும் அரியணையேற்றினார். 1792-இல் நவாபோடு செய்த உடன்படிக்கையாற் பாளையங்களின் பேஷ்கஷ் தண்டும் உரிமை கும்பினியார்க்கு வந்தது. பணம் மட்டிலும் அவர்கட்குப் போதவில்லை. சேதுநாட்டுத் தறிகளில் நெய்த துணி தமக்கே விற்கப்படவேண்டும் என்றனர். சுங்கத்திலும் சலுகை கேட்டனர். சேதுபதி இணங்கவில்லை. இணங்கியிருந்தால் அரண்மனையும் பல்லக்கும் அவர்க்கு எஞ்சியிருக்கும் என்பதில் ஐயமில்லை. சிவகங்கையோடு அவர் விடாது வளர்த்த பகை அறிவுடைமையன்று என்பதும் நம் கருத்து. ஆயினும், தம் துறைமுகத்திலும் தம் சந்தையிலும் பிறர் சொல் நடத்தலை அவர் பொறாமைக்கு, இளமையிற் கழிந்த அவ்வொன்பதாண்டே வித்தென்று நாம் துணிகின்றோம். ஒருமுறை முழுவதும் இழந்தவர்க்கு, சிறிது இழத்தலும் முழுவதும் இழத்தலாகவே தோன்றும்போலும்.

1795 பிப்ரவரி 8-ஆம் நாள் கும்பினிப் படை இராமநாதபுரத்துட் புகுந்தது. அரசர் பதவி நீக்கப்பெற்று, எந்த ஊரில் இளமையைத் தொலைத்தாரோ அந்தத் திருச்சிராப்பள்ளிக்கே மீண்டும் கொண்டுபோகப்பட்டார். அப்போது அவர்க்கு அகவை முப்பத்தைந்தும் நிறையவில்லை. சிறுவராய் இருந்தகாலத்து விடுதலை என்பது அறியாத பொருளாயிருந்திருக்கலாம்; இம்முறை, பதினான்கு ஆண்டுக்கு அணித்தாக ஆணையிட்டுப் பழகிய நாவோடு உட்சென்றார். இரண்டனுள் இதுவே கொடிதென்பது நம் துணிபு.

1799-இல் முதுகுளத்தூர்ப் பக்கத்து மக்கள் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையிற் கிளர்ந்தெழுந்தனர். தம் நாட்டில் தம் குடிகள் குருதி சிந்திய அப்போரைத் தொடங்கென்றோ நிறுத்தென்றோ சொல்லும் நிலையில் அரசர் இல்லை. 1803-இல் கும்பினியார் இராமநாதபுரத்தை நிலையான ஜமீனாக்கி, அவர் தமக்கையார் மங்களேசுவரி நாச்சியார்க்கு அளித்தனர். உரியவர் உயிரோடிருக்கவே, அவரைக் கேளாமல், அவருடைமை கைமாறியது. அடித்தலும் பட்டினியிடுதலும் செய்யாமலே ஒருவரை இல்லாதவர் ஆக்கிவிடலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவருடைய இறுதிச் சிறை சென்னைக் கோட்டையாயிற்று. அங்கும் கடல் உண்டு. சேதுக்கரையில் மோதும் அதே கீழைக்கடல்தான். 1809 சனவரி 23-ஆம் நாள் அக்கோட்டையிலேயே அவர் உயிர் பிரிந்தது. நாற்பத்தொன்பது நிறையாத அவ்வாழ்வில் ஏறத்தாழ 23 ஆண்டு சிறையிற் கழிந்தன. 1795-இல் விட்டுப்போன இராமநாதபுரத்தை அவர் மீண்டும் காணவேயில்லை.