தோட்டத்துக்குச் சட்டம் கற்பித்தவர்

தஞ்சையைச் சேர்ந்த கோ. நடேசய்யர் அவர்கள், துரைமாரின் காவலைக் கடந்து லயங்களைக் காணப் புடவை வியாபாரியாய் வேடமிட்டுச் சென்றார் என்பது மலையகம் நன்கறிந்த கதை. 1931-இல் அட்டனிலே தொழிற்சங்கம் கண்டார். 1936-இல் அட்டன் தொகுதியினின்றும் அரசாங்க சபை புகுந்தார்.

அன்பர்களே! 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் தோட்டத்தாரின் கடமையென 1920-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் சட்டம் ஏட்டிலிருந்தது. பிள்ளையோ பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழுந்து மலையில் அரைப்பேருக்கு நின்றது. அச்சட்டத்தை வாசித்து, "எங்கே பள்ளிக்கூடம்?" எனத் துரையைக் கேட்கத் தக்கவர் லயத்தில் எத்தனை பேர்? ஆதலால் ஐயர் பத்திரிகைகளும் சிறு நூல்களும் அச்சிட்டு, தொழிலாளியின் உரிமை இன்னது, கடமை இன்னது என எளிய தமிழில் விளக்கினார். எழுத்தறியாதார்க்கு அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் கூட்டங்களிலே பாடி உணர்த்தினார். ஐயரின் சபைப் பேச்சுக்களினும் இப்பணியே பெரிதென்பது எம் கருத்து.

சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது 1991-இல்தான்.

ஐயர் 1947 நவம்பரிற் காலமானார். மறு ஆண்டே வந்த பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிட்டியது 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே.