வழக்காடிய கைதி ஏ.கே. கோபாலன்

ஏ.கே. கோபாலன் என்றால் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர், இந்தியா காபி ஹவுஸ் தொழிலாளர் கூட்டுறவுக்கு வழிகாட்டியவர் என்று பலருக்கும் தெரியும். நம்ம பக்கத்துக்கும் அவருக்கும் உள்ள தொடர்பு வேலூர் ஜெயில். திருவண்ணாமலை அன்று வட ஆற்காடு ஜில்லா, வேலூர்தான் தலைநகர். அந்த ஜெயில் சுவரில் துளை போட்டு 1941-இல் தோழர்களோடு தப்பிப் போனவர் அவர். சினிமா மாதிரிக் கதை! ஆனால் கறுப்புக் கோட்டு போட்டுப் பிழைக்கிற எனக்கு அவருடைய 1950-ஆம் வருஷத்து வழக்குதான் பெரிசாகப் படுகிறது.

1904-இல் கண்ணூர்ப் பக்கம் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார். குருவாயூர் கோயில் நுழைவுப் போராட்டத்தில் தொண்டர் படைத் தலைவர். 1936-இல் மலபாரிலிருந்து சென்னைக்குப் பட்டினி ஊர்வலத்தை நடத்தி வந்தார். சுதந்திரம் வந்த அன்றும் அவர் ஜெயிலில்தான். பிறகு வெளியே வந்தவரை 1947 டிசம்பரில் மறுபடி பிடித்தார்கள். வழக்குகளில் விதித்த தண்டனைகள் ரத்தான பிறகும் விடவில்லை. அரசியல் சட்டம் அமலுக்கு வந்து ஒரு மாதத்தில் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. அதன்படி 1950 மார்ச் 1-இல் அவர் கையில் புது உத்தரவைக் கொடுத்தார்கள். மலபார் அன்று சென்னை மாநிலத்தில் இருந்ததால், சுப்ரீம் கோர்ட்டில் எதிர்த்தரப்பு சென்னை அரசு. அவருக்காக வாதாடியவர் எம்.கே. நம்பியார்.

6 நீதிபதிகள். சட்டசபையோ பார்லிமெண்டோ முறைப்படி இயற்றிய சட்டம் இருந்தால் போதும், அது நியாயமானதா என்று கோர்ட் பார்க்க வேண்டாம் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. பசல் அலி மட்டும் அதை ஒப்பவில்லை. ஏ.கே.ஜி. தோற்றார். ஆனால் 14-ஆம் பிரிவு விழுந்தது. தன்னை ஏன் அடைத்தார்கள் என்ற காரணத்தைக் கைதி கோர்ட்டிலேகூடச் சொல்லக் கூடாது என்ற பிரிவு அது. 6 பேருமே அது செல்லாது என்றார்கள். காரணத்தைக் காட்ட முடியாவிட்டால் எந்த வக்கீல் வந்து என்ன செய்ய?

1952 முதல் பல வருஷம் பார்லிமெண்டில் இருந்தார். நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசினார். அது விலக்கப்பட்ட மறுநாள், 1977 மார்ச் 22-இல் காலமானார். அடுத்த வருஷமே மேனகா காந்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் பழைய கருத்தைக் கைவிட்டது. நடைமுறை நியாயமாகவும் இருக்கணும் என்றது.

குண்டு வைக்கிறவனை விட்டுவிடச் சொல்லவில்லை. 1998 கோவைக் குண்டுவெடிப்பில் 58 உயிர் போனது. தடா சட்டம் 1995-லேயே காலாவதி. அது இல்லாமலே விசாரித்து, 2007-இல் 150 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மாறாக, பொடா சட்டத்தில் 2002-இல் பிடிபட்ட வைகோ, ஒரு மேடைப் பேச்சுக்காக ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஜெயிலில் இருந்தார். அதே வேலூர் ஜெயில்.

2023 நவம்பரில் நம்ம மாவட்டத்திலேயே, செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட்டுக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பயங்கரவாதச் சட்டம் அல்ல, தடுப்புக் காவல்தான். எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர் மீதான உத்தரவை அரசே சில நாளில் திரும்பப் பெற்றது. அந்த 7 பேருக்கும் காரணத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டியிருந்தது. அதைக் கோர்ட்டில் காட்டக் கூடாது என்று சொல்ல யாராலும் முடியாது.