கந்தளாயிற் கண்மூடிய காவலன்

கந்தளாய்க் குளக்கட்டினைக் கடந்து செல்லும் நம் மாணவருட் பலர், பொலன்னறுவையில் முடிசூடிய மன்னன் ஒருவன் அவ்வூரிலே உயிர்நீத்தான் என்பதை அறியார். அவன் இரண்டாம் கயவாகு. அவன் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

1070 ஆம் ஆண்டிற் சோழராட்சியை அகற்றிய முதலாம் விசயபாகு 1110 இல் இறந்தான். தமையனுக்குப்பின் தம்பி என்னும் முறைமை பற்றிச் சயபாகுவுக்கு முடிசூட்டினர். விசயபாகுவின் மகன் விக்கிரமபாகுவோ வாளேந்தித் தலைநகரைக் கைக்கொண்டான். அன்று பிளவுண்ட அரசகுலம் நாற்பதாண்டுகளுக்கு மேலாக ஒன்றுபடவில்லை.

விக்கிரமபாகுவின் மைந்தனே கயவாகு. 1132 அளவில் அரசெய்திய இவனுக்கெதிராக இருவர் உரிமை கோரினர். ஒருவன் அத்தை மகன் பராக்கிரமபாகு; மற்றவன் உருகுணையை ஆண்ட மானாபரணன்.

பராக்கிரமபாகுவின் படை பொலன்னறுவையைப் பிடித்துக் கயவாகுவைச் சிறைசெய்தது. வென்ற வீரர் நகரைக் கொள்ளையிட்டனர். வெகுண்ட மக்கள் மானாபரணனை அழைத்தனர். மீட்பவன் போல வந்த அவனும் மன்னனைச் சிறையிலிட்டுத் தானே ஆளத் தலைப்பட்டான். வேறு வழியறியாத கயவாகு, முன்னைப் பகைவனாகிய பராக்கிரமபாகுவிடமே மறைவாகத் தூதனுப்பி விடுதலை பெற்றான். அதன் பின்னரும் இருவருக்குமிடையே போர் மூண்டது. பௌத்த துறவியர் சந்து செய்தமையால், பராக்கிரமபாகு தான் வென்ற நாட்டைக் கயவாகுவிடமே மீள ஒப்படைத்தான்.

புதல்வரும் உடன்பிறந்தாரும் இல்லாத கயவாகு, தனக்குப்பின் நாடு பராக்கிரமபாகுவுக்கே உரியதெனக் கல்லிற் பொறிப்பித்துக் கந்தளாயில் வந்து தங்கினான். சிவன் கோயிலும் அந்தணர் குடியிருப்பும் பொருந்திய ஊர் அது. கயவாகு கண்ணொளி பெற்றமையாற் கந்தளாய் எனப் பெயர் வந்தது என்பது நம் மாவட்டத்து மரபு. தன் ஆட்சியின் இருபத்திரண்டாம் ஆண்டில் அவன் அங்கே மறைந்தான்.

அமைச்சர் சிலர் அவன் இறப்பை வெளிவிடாது, மானாபரணனுக்கு ஓலை போக்கினர். 1153 இற் பராக்கிரமபாகு முடிசூடினான். மீண்டும் நிகழ்ந்த போரில் மானாபரணன் தோற்று மாய்ந்தான்.

வென்றவனைப் போற்றும் மகாவமிசம், வென்றவன் படை செய்த கொள்ளையை மறைக்கவில்லை. பராக்கிரம சமுத்திரத்தைக் கண்டு வியக்கும் நாம், அரியணைப் பூசலில் அல்லலுற்ற பெயரறியாக் குடிகளையும் எண்ணுதல் வேண்டும். போரொழியும் பொருட்டுத் தன் குடிக்குரிய முடியைத் தாயாதிக்கு எழுதிவைத்த கயவாகுவைத் தோற்றவன் என்று மட்டும் கூறி அமைய எம் மனம் ஒருப்படவில்லை.