அறுவை மருத்துவர் கோக்கர்

ஐரோப்பாக் கண்டத்தின் நடுவே அமைந்த சுவிட்சர்லாந்து மலைவளம் மிக்க நாடு. வெண்பனி போர்த்த ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களும், அவற்றின் அடியில் பளிங்குபோற் கிடக்கும் ஏரிகளும், பசும்புல் நிறைந்த பள்ளத்தாக்குகளும் காண்போர் கண்ணையும் கருத்தையும் ஒருங்கே கவர்வன. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த மக்களுட் பலர் தம் கழுத்தில் ஒரு பெருஞ்சுமையைத் தாங்கியே வாழ்நாளைக் கழித்தனர். அச்சுமைதான் முன்கழுத்துக் கழலை என்னும் நோய்.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல மூச்சுக்குழலைத் தழுவிக் கிடப்பது தைராய்டுச் சுரப்பி. உருவிற் சிறிதாயினும், உடலின் வளர்ச்சியும் வெப்பமும் அறிவின் மலர்ச்சியும் இதனைச் சார்ந்தே நிற்கின்றன. இச்சுரப்பி தன் தொழிலைச் செய்வதற்கு அயோடின் என்னும் பொருள் மிகச் சிறிதளவேனும் வேண்டும். கடல்நீரிலும் கடல்மீனிலும் அது மிகுதியாக உண்டு. மலைநாட்டு மண்ணிலோ அது மிகவும் அருகிக் காணப்படும். வேண்டும் பொருள் கிட்டாத சுரப்பி அதனைப் பெறும்பொருட்டு மேலும் மேலும் பருத்து வீங்கும். எலுமிச்சங்காய் அளவில் தோன்றும் கழலை, சிலரிடத்துப் பூசணிக்காய்போற் பெருத்து மார்பின்மேற் சாய்ந்து தொங்குவதும் உண்டு. அது மூச்சுக்குழலை நெருக்குங்கால், நோயாளி இரவில் படுக்கவும் இயலாமல், இருந்தபடியே மூச்சுக்குத் தவிப்பார்.

அக்கழலையை அறுத்தெறிந்தால் என்ன என்று இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். அக்காலத்தில் அது சாவை அழைப்பதற்கு ஒப்பாகும். பருத்த குருதிக் குழாய்கள் பல அச்சுரப்பியுட் புகுந்து பின்னிக் கிடக்கின்றன. குரலை இயக்கும் மெல்லிய நரம்புகள் அதன் பின்புறத்தை ஒட்டிச் செல்கின்றன. கத்தி சிறிது பிறழினும் குருதி வெள்ளம் பெருகும். அல்லது நோயாளி ஊமைபோல் ஆவார். இவற்றிற்குத் தப்பினாலும் புண் சீழ்ப்பிடித்து உயிரைக் கொள்ளும். 1850-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இவ்வறுவைக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின்மர் மாண்டனர். பாரிசு நகரத்து மருத்துவக் கழகத்தார் இதனைச் செய்தலே தகாது என்று கண்டித்தனர்.

இத்தகைய காலத்தில், 1841-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் எமில் தியோடோர் கோக்கர் பிறந்தார். தந்தையார் பொறியாளர், சாலைகளும் நீர்வழிகளும் அமைக்கும் பணியில் இருந்தவர். அன்னையார் ஆழ்ந்த இறைப்பற்று உடையவர். தந்தையின் கணக்குப் பிசகாத ஒழுங்கும், தாயின் மனச்சான்றுக்கு அஞ்சும் இயல்பும் மைந்தரிடம் ஒருங்கே அமைந்தன என்று கூறின் மிகையாகாது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்ற பின்னர், கோக்கர் பெர்லின், இலண்டன், பாரிசு முதலிய நகரங்களுக்குச் சென்று, ஆங்காங்கே புகழ்பெற்று விளங்கிய அறுவை மருத்துவர்களின் கைத்திறனைக் கண்டு கற்றார்.

அவர் பயணம் செய்த காலம் அறுவை மருத்துவத்தின் வைகறைக் காலம் எனலாம். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்கின்றன என்று உணர்ந்த லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர், கார்பாலிக் அமிலத்தாற் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை 1867-ஆம் ஆண்டு வெளியிட்டிருந்தார். முதிய மருத்துவர் பலர் அதனை எள்ளி நகையாடினர். கோக்கரோ அதனைத் தயங்காது மேற்கொண்டார். 1872-ஆம் ஆண்டு, முப்பது வயதே நிரம்பிய அவர், பெர்ன் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவப் பேராசிரியராகவும், இன்செல் மருத்துவமனையின் அறுவைத்துறைத் தலைவராகவும் அமர்ந்தார். அப்பதவியில் 45 ஆண்டுகள் இருந்தார். பிற நாட்டுப் பல்கலைக்கழகங்கள் அழைத்தபோதும் அவர் தம் ஊரை விட்டுப் பெயர்ந்தாரில்லை.

கோக்கரின் அறுவை முறை அக்காலத்து மருத்துவரின் முறையினின்றும் முற்றும் வேறுபட்டது. மயக்க மருந்து தோன்றாத காலத்தில் விரைந்து அறுப்பவரே வல்லவர் எனப்பட்டார். அவ்வழக்கம் மயக்க மருந்து வந்த பின்னரும் மாறவில்லை. கோக்கர் விரையவில்லை. கழுத்துத் தோலின் இயற்கை மடிப்பை ஒட்டிக் குறுக்காக வெட்டுவார். தழும்பு பின்னாளில் கழுத்தணியின் கீழ் மறைந்துவிடும். ஒவ்வொரு குருதிக் குழாயையும் முன்னரே கண்டு, தாம் வகுத்த பற்குறட்டாற் பற்றி, நூலாற் கட்டிய பின்னரே அறுப்பார். அக்குறடு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் அறுக்கும் இடத்தில் குருதி சொட்டுவதும் அரிது. பிற்காலத்தில் முழு மயக்கம் கொடாமல் கோக்கைன் மருந்தால் கழுத்தை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே அறுவை செய்து வந்தார். இத்துணைப் பொறுமையின் பயனாக, 1883-ஆம் ஆண்டுக்குள் 101 பேருக்குக் கழலை அறுவை செய்து முடித்தார். ஐரோப்பா எங்கணும் அவர் புகழ் பரவிற்று.

இவ்வாறு புகழ் ஓங்கி நின்ற வேளையிலேதான் அவருக்கு ஒரு பேரிடி காத்திருந்தது.

1874-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கழலையால் வருந்திய 11 வயதுச் சிறுமி ஒருத்தியை ஓர் ஊர் மருத்துவர் கோக்கரிடம் அனுப்பியிருந்தார். கழலை மீண்டும் தோன்றலாகாது என்று எண்ணிய கோக்கர், சுரப்பியை ஒரு துணுக்கும் எஞ்சாதபடி முழுவதும் நீக்கினார். புண் செவ்வனே ஆறிற்று. சிறுமி வீடு திரும்பினாள். சில திங்கள் கழிந்தபின், அவ்வூர் மருத்துவர் அவளிடம் ஒரு மாறுதலைக் கண்டார். துள்ளித் திரிந்த பெண் சோர்ந்து ஒதுங்கினாள். ஏவினாலன்றி எவ்வேலையும் செய்யாதவளாயினாள். இதனை அவர் கோக்கருக்குத் தெரிவித்தார். ஆயினும் கோக்கர் அதனை அப்போது பெரிதாகக் கொள்ளவில்லை. ஆறிய புண்ணைக் கண்டு மகிழும் மருத்துவர், அப்புண்ணுக்கு உரியவரை மறந்துவிடுதல் அக்காலத்தில் இயல்பாக இருந்தது போலும்.

எட்டாண்டுகள் உருண்டோடின. 1882-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜெனீவா நகரில் நலவாழ்வு மாநாடு ஒன்று கூடிற்று. அங்கே ரெவெர்தின் என்னும் ஜெனீவா நகரத்து அறுவை மருத்துவர் கோக்கரைச் சந்தித்தார். சுரப்பியை முழுவதும் நீக்கப்பெற்ற தம் நோயாளிகள் சிலர் நாளடைவில் முகம் ஊதி, அறிவு மங்கி வருவதை அவர் கண்டிருந்தார். அச்செய்தி கோக்கரின் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. ஊர் மருத்துவர் எழுதியதும் அவர் நினைவில் எழுந்தது. பெர்ன் திரும்பியவுடன், தாம் அறுவை செய்த அனைவரையும் மீண்டும் நேரில் வந்து காணுமாறு ஓலை விடுத்தார்.

சுரப்பி முழுவதையும் இழந்தோர் 34 பேர் இருந்தனர். அவருள் 18 பேரை அவர் மீண்டும் ஆராய முடிந்தது. அப்பதினெண்மருள் 16 பேர் நலங்குன்றியிருந்தனர். முகம் வீங்கித் தடித்திருந்தது. தோல் வறண்டிருந்தது; மயிர் உதிர்ந்திருந்தது. கைகால் எப்போதும் குளிரால் வாடின. பேச்சுத் தளர்ந்தது, எண்ணமும் மெல்ல மெல்ல ஊர்ந்தது. சுரப்பியின் ஒரு பகுதி மட்டும் நீக்கப்பெற்றோரோ நலமாக இருந்தனர்.

அச்சிறுமியும் வந்தாள். அவளுக்கு ஒரு தங்கை உண்டு. அறுவைக்கு முன்னர் இருவரும் ஒருவரை ஒருவர் ஒத்திருந்தமையால், கண்டோர் அவளை இவள் என்றும் இவளை அவள் என்றும் மயங்குவது வழக்கம். ஒன்பதாண்டுகளுக்குப் பின்னர்த் தங்கை அழகிய மங்கையாக வளர்ந்து நின்றாள். அக்காளோ சிறுமியின் உயரத்திலேயே நின்றுவிட்டாள்; தடித்த முகமும் ஒளியிழந்த பார்வையும் உடையவளாய் இருந்தாள். இருவரும் அருகருகே நின்ற நிழற்படம் இன்றும் உள்ளது. அதனைக் காணும் எவர்க்கும் நெஞ்சம் நெகிழும்.

கோக்கர் இதனை மறைத்திருக்கலாம். நோயாளிகளின் நலக்கேட்டிற்கு மலைநாட்டு நீரையோ வறுமையையோ காரணமாகக் காட்டியிருந்தால் மறுப்பவர் எவரும் இலர். அவர் அவ்வாறு செய்யவில்லை. 1883-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பெர்லின் நகரில் கூடிய ஜெர்மானிய அறுவை மருத்துவர் பேரவையின்முன் எழுந்து நின்று, தம் கையால் விளைந்த தீங்கினை எண்ணிக்கையோடும் படத்தோடும் எடுத்துரைத்தார். தீங்கிழைக்கும் கழலை அன்றி வேறு கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் நீக்குதல் இனி இல்லை என்று உறுதிபூண்டார். அன்றுமுதல் சுரப்பியின் ஒரு பகுதியை விட்டுவைத்தே அறுவை செய்தார். அவ்வாண்டிலேயே, நலங்குன்றிய ஒருவருக்குப் பிறிதொருவரின் சுரப்பித் திசுவை உடலிற் பதித்துப் பார்த்தார். இழந்த உறுப்பின் தொழிலை மீட்கும் நோக்குடன் உறுப்பைப் பதிக்கும் முயற்சி அதுவே முதலாவது என்பர். அதன் பயன் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இந்நோய் வியன்னா நகரில் புகழ்பெற்றிருந்த பில்ரோத் என்னும் பேரறிஞரின் நோயாளிகளிடம் மிகுதியாகக் காணப்படவில்லை. அவர் விரைந்து அறுப்பவர். ஆதலின் சுரப்பியின் துணுக்குகள் பல உள்ளே எஞ்சி நின்று நோயாளியைக் காத்தன. ஆயினும் அருகிலிருந்த வேறு சிறு சுரப்பிகள் அவ்விரைவிற் சிதைந்தமையால், அந்நோயாளிகள் சிலருக்குக் கைகால் இழுப்பு உண்டாயிற்று. கோக்கரின் கை தூய்மையாகவும் நுட்பமாகவும் அறுத்தமையாலேயே அவருடைய நோயாளிகள் சுரப்பியை முற்றும் இழந்தனர். இவ்வேறுபாட்டை அமெரிக்க நாட்டு அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் விளக்கினார்.

தீங்கினைக் கண்ட கோக்கர் அதன் காரணத்தை உடனே சரியாக உணர்ந்தார் என்று கூறுதல் இயலாது. மூச்சுக்குழல் தளர்ந்து போதிய காற்றுச் செல்லாமையே காரணம் என்று முதலில் அவர் கருதினார். அது பிழை. அவ்வாண்டின் இறுதியில் இலண்டன் நகரத்துத் தொண்டை மருத்துவர் செமன் என்பவர், சுரப்பியின் சாறு இன்மையே காரணம் என்றார். பலர் நகைத்தனர். ஆங்கில மருத்துவர் குழு ஒன்று ஆராய்ந்து, அவர் கூற்றே மெய் என்று 1888-ல் அறிவித்தது. 1891-ல் மர்ரி என்னும் இளம் மருத்துவர், சுரப்பி குன்றி வாடிய பெண்மணி ஒருவர்க்கு ஆட்டின் தைராய்டுச் சுரப்பிச் சாற்றை ஊசிவழிச் செலுத்தினார். அப்பெண்மணி நலம்பெற்று, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். சுரப்பி சுரக்கும் நீர்களைப் பற்றிய பெருங்கல்வி இவ்வாறு வளரலாயிற்று.

கோக்கர் தம் ஆராய்ச்சியைக் கழுத்தோடு நிறுத்தவில்லை. தோள்மூட்டு நழுவினால் அதனைப் பொருத்தும் எளிய முறை ஒன்றை இளமையிலேயே வகுத்தார். துப்பாக்கிக் குண்டு உடலிற் புகுந்து சிதைக்கும் வகையை ஆராய்ந்தார். 1892-ல் அவர் வெளியிட்ட அறுவை மருத்துவ நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. மண்டையோட்டினுள் அழுத்தம் மிகுங்கால் நேரும் மாறுதல்களையும் அவர் ஆராய்ந்தார். பிற்காலத்தில் மூளை அறுவையின் தந்தை எனப் போற்றப்பெற்ற அமெரிக்கர் குஷிங், 1900-ஆம் ஆண்டு பெர்ன் நகருக்கு வந்து இத்துறையில் ஆராய்ந்தவரே.

1909-ஆம் ஆண்டு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு கோக்கருக்கு அளிக்கப்பட்டது. அப்பரிசினைப் பெற்ற முதல் அறுவை மருத்துவர் அவரே. தைராய்டுச் சுரப்பியின் இயல்பு, நோய், அறுவை ஆகியவற்றைப் பற்றி அவர் ஆற்றிய பணிக்காக அது வழங்கப்பெற்றது. தீங்கினை முதலில் கண்டுரைத்த ரெவெர்தினுக்கு அதிற் பங்கில்லை. அவர் மனம் இதற்கு முன்னரே புண்பட்டிருந்தது. அது புண்பட்டதிற் குற்றமும் இல்லை. 1912-ஆம் ஆண்டளவில் கோக்கர் செய்த கழலை அறுவைகள் ஏறத்தாழ 5,000. அவற்றில் உயிரிழப்பு நூற்றுக்கு ஒன்றினும் குறைந்துவிட்டது. உருசிய நாட்டுப் புரட்சித் தலைவர் லெனினும் 1913-ல் தம் மனைவி குரூப்ஸ்கயாவை அறுவைக்காகப் பெர்ன் நகருக்கு அழைத்துவந்தார். அவர் நாடி வந்ததும் கோக்கரையே.

முதுமையிலும் கோக்கர் ஓய்ந்திருந்தாரல்லர். 1917-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் ஒருநாள், உடனே அறுவை செய்யவேண்டிய நோயாளி ஒருவர்க்காக மருத்துவமனையினின்று அழைப்பு வந்தது. எழுபத்தைந்து வயது முதியவரான அவர் சென்று அறுவையை முடித்தார். அதன்பின் உடல் தளர்ந்து படுக்கையில் வீழ்ந்தார். ஜூலை 27-ஆம் நாள் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், 1922-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தில் உணவு உப்போடு சிறிதளவு அயோடின் கலந்து விற்கத் தொடங்கினர். அவ்வுப்பை உண்டு வளர்ந்த தலைமுறையினரிடையே கழலை அருகிற்று. பெர்ன் நகரில் கோக்கரின் பெயர் தாங்கிய தெரு ஒன்றும் பூங்கா ஒன்றும் உள்ளன. பூங்காவில் இன்று விளையாடும் சிறுவர் பெரும்பாலும் கழலையைக் கண்ணாலும் கண்டறியார்.