தென்னைக்கு வானத்திலிருந்து வைத்தியம் பார்த்தவர்: யார் இந்த பிஷாரடி?

சேலம் காமலாபுரம் விமான நிலையத்தில் இறங்கும் சின்ன ஏடிஆர் விமானத்தின் ஜன்னல் வழியே, ஜலகண்டாபுரம் பக்கமோ சேர்வராயன் மலைப் பக்கமோ போனில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கோடைகாலமாக இருந்தால் வெளுத்துப்போன நீலப் புகைமூட்டம்தான் மிஞ்சும். வயல் எது, தோப்பு எது என்றே புரியாது.

காரணம் ரொம்ப சிம்பிள். காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அந்த அளவுக்குச் சிதறுவதில்லை. அதைப் பதிவு செய்யும் ஃபிலிமைப் போட்டு, நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் ஃபில்டரை மாட்டினால் மூட்டம் பெருமளவு விலகிவிடும். (அடர்ந்த மேகத்திடம் இந்த வித்தை பலிக்காது!)

இந்த வித்தையை இந்திய விவசாயத்துக்குக் கொண்டுவந்தவர் பி.ஆர்.பிஷாரடி. பொள்ளாச்சியிலிருந்து அதிக தூரமில்லாத கொல்லங்கோட்டில் 1909-ல் பிறந்தவர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்கிய சர் சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தார். அப்புறம் வானிலைத் துறை, அமெரிக்காவில் டாக்டர் பட்டம், புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்று போனது வாழ்க்கை. பருவமழையே அவருடைய முக்கியப் பாடம். ஆனால், அவர் பெயர் நிலைத்தது தென்னையால்தான்.

அப்போது கேரளத் தோப்புகளை வேர் வாடல் நோய் அரித்துக்கொண்டிருந்தது. மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்து வெட்டினால்தான் பக்கத்து மரம் தப்பும். ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா?

1970 வாக்கில், விக்ரம் சாராபாய் காலத்து விண்வெளித் திட்டத்தின் கீழ் பிஷாரடி குழு ஹெலிகாப்டரில் ஏறியது. கையில் ஹாசல்பிளாட் கேமரா, உள்ளே அகச்சிவப்பு வண்ண ஃபிலிம். ஆரோக்கியமான ஓலை அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். படத்தில் பளிச்சென்று சிவப்பாக விழும். நோயுற்ற மரத்தில் அந்தச் சிவப்பு மங்கிவிடும். தரையில் நின்று பார்ப்பவருக்குப் பச்சையாகவே தெரிந்த மரம்கூட படத்தில் மாட்டிக்கொண்டது. இத்தனைக்கும், அந்த நோய்க்கு எது காரணம் என்றே அன்று யாருக்கும் தெரியாது!

இந்தியத் தொலையுணர்வின் தொடக்கம் அந்தப் படங்கள்தான். அதே ஆண்டு பிஷாரடிக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. 1988-ல் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோள் பறந்தபோது அவருக்கு வயது 79. 2002-ல் காலமானார்.

அந்த நோய் மட்டும் இன்னும் போகவில்லை. மலை தாண்டி பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளுக்குள் வந்துவிட்டது. விவசாயிகள் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருக்கிறார்கள்.