படிக்காத தாயும் நூல் எழுதிய மகனும்

பிள்ளைகளை நற்பண்பிலும் விசுவாசத்திலும் வளர்க்க எந்த நூலை வாங்கலாம் என்று பலர் கேட்கிறீர்கள். புனித தொன் போஸ்கோவின் வாழ்வு இதற்குப் பதில் தருகிறது.

1815-இல் இத்தாலியின் பெக்கி சிற்றூரில் பிறந்த அவர், இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆயினும் செபத்தையும் மறைக்கல்வியையும் வாய்மொழியாகவே மகனுக்கு ஊட்டினார். மகன் குருவாகி தூரின் நகரில் ஏழைச் சிறுவர்களைச் சேர்த்தபோது, 1846-இல் அத்தாயும் அங்கு வந்தார். 1856-இல் இறக்கும்வரை அச்சிறுவர்களுக்குச் சமைத்தார், துணி தைத்தார்.

அச்சிறுவர்களுக்காகவே தொன் போஸ்கோ நூல்கள் எழுதினார். 1847-இல் ஒரு செபநூல்; 1859-இல் தம் மாணவன் தோமினிக் சாவியோவின் வரலாறு. கல்லெறிந்து சண்டையிட இருந்த இரு தோழர்களுக்கு நடுவே சிலுவையோடு நின்று சமாதானம் செய்தவன் சாவியோ. பதினைந்து வயது நிறையுமுன் 1857-இல் இறந்தான். 1954-இல் புனிதராக உயர்த்தப்பட்டான்.

என் முதல் பரிந்துரை அந்த வரலாறுதான். நூலைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் தொலைக்காட்சி முன் அமர்ந்தால் பயனில்லை. குடும்ப செபத்திற்குப் பின் தினமும் ஒரு பக்கம் சேர்ந்து வாசியுங்கள். படிக்கத் தெரியாத தாய் ஒரு புனிதரை வளர்த்தார். படித்த நாம் நேரமில்லை என்று சொல்லலாமா?